எரியாத கட்சிக்கு ஒரு விண்ணப்பம்

படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்பதுதான் ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே அந்தஸ்து. மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் பாதி வீடுகளின் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, குடும்ப அட்டைத் திருத்தம் எல்லாம் என் கையெழுத்தில்தான் நடந்தன. லிஃப்டில் என்னைப் பார்ப்பவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. எந்தச் சான்றுக்கு எந்த ஜன்னலில் நிற்கவேண்டும் என்றுதான் கேட்பார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவனிடம் உடம்பைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

இருந்தது ஒரு முழங்கால். அதற்காக வாரம் இரண்டு நாள் அடையாறில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தது. மெட்ரோவுக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டதிலிருந்து ஆட்டோக்காரர்கள் என் தெருவுக்குள் வருவதை ஒரு தியாகமாகக் கருதத் தொடங்கியிருந்தார்கள். மாட வீதி ஸ்டாண்டிலிருந்து ஒருவர் மட்டும் முகம் சுளிக்காமல் வந்தார். நாற்பது வயது இருக்கும். ராயப்பேட்டைக்காரர். ஓட்டும்போது வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டே ஹேண்டில்பாரில் விரலால் தட்டுவார். இத்தனை வருட மார்கழிக் கச்சேரி அனுபவத்தை நம்பி நானும் பின்சீட்டில் தொடையைத் தட்டிப் பார்ப்பேன். மந்தைவெளி தாண்டுவதற்குள் தாளம் என்னை இறக்கிவிட்டுப் போயிருக்கும்.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அவரிடமிருந்து குரல் செய்தி வரும். "சார், நாளிக்கி வர முடியாது. சாவு கீது."

நெருங்கிய உறவா என்று முதல் முறை கேட்டேன். தெரிந்தவர்கள்தான் என்றார். மூன்று மாதத்தில் ஏழு சாவு ஆனது. இவ்வளவு துரதிர்ஷ்டம் பிடித்த சுற்றத்தை நான் பார்த்ததில்லை. ஒருநாள் அடையாறு பாலத்து நெரிசலில் வண்டி நின்றபோது, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். ஆறுதல் எனக்குச் சரளமாக வராது. நாலாவது வார்த்தையிலேயே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முறைக்கு வந்துவிட்டேன். என்னென்ன இணைக்கவேண்டும், எதற்கு அசல், எதற்கு நகல் என்று விளக்கிக்கொண்டே போனேன். அவர் பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"செத்தவங்க யாரும் எனக்கு இன்னாவும் வேணாம் சார். நான் பாடப் போறேன்."

அப்படித்தான் அவர் கானா பாடகர் என்று தெரிந்துகொண்டேன். ராயப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் சாவு விழுந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். வாசல் பந்தலில் டோலக்கோடு உட்கார்ந்து, இறந்தவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை போட்டார், எந்த டீக்கடையில் உட்கார்ந்தார் என்று விசாரித்து அங்கேயே பாட்டுக் கட்டிப் பாடுவார். அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்களாம். பிறகு முன்னைவிட அதிகமாக அழுவார்களாம். நான் எழுதிய கோப்புகளைப் படித்து யாரும் இரண்டில் ஒன்றுகூடச் செய்ததில்லை.

போன வருடம் என் ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில், வழக்கமான மூட்டுவலி மருத்துவக் குறிப்புகளுக்கு இடையில் ஓர் அறிவிப்பு வந்தது. கும்பகோணத்தைத் தாண்டி ஒரு சிற்றூரில், ஊர்க்காரர்களும் ஒரு கல்லூரியும் சேர்ந்து நாட்டுப்புற இசை விழா நடத்துகிறார்கள், கலைஞர்கள் விண்ணப்பிக்கலாம். பொழுது போகாமல் அதை ஆட்டோவில் உரக்கப் படித்தேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் பிரேக் போட்டார். அது அவருடைய மனைவியின் ஊர்.

அந்தப் பெண் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு வந்தவர். இருவரும் தாங்களாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். பதினோரு வருடம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள், போக்குவரத்தெல்லாம் உண்டு. ஆனால் மாமனார் இதுவரை மாப்பிள்ளை பாடுவார் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சாவு வீட்டில் பாடுகிறவன் என்பது அவருக்கு வெட்கம்.

"அவுரு இன்னா தொழில்னு கேளுங்க சார்," என்றார் ஆட்டோக்காரர்.

கேட்டேன். பந்தல், நாற்காலி, அண்டா குண்டான் வாடகைக்கு விடுகிற கடை. கூடவே, பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி. அந்த ஊரில் ஐஸ் பெட்டி அவரிடம் மட்டும்தான் உண்டு.

"பொட்டியக் குடுத்துட்டு நான் வந்துர்றேன், நீ பக்கத்துல உக்காந்து பாடறியேன்னு சொல்றாரு. இன்னா நாயம் சார் இது? ஒரே ஒரு தபா, பொணம் இல்லாத எடத்துல நான் பாடறத அந்த மன்சன் பாக்கணும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்பதால் நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். என் மனைவி, "ஏன்னா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அவனே போன் பண்ணிக் கேட்டுப்பான்," என்றாள். தொலைபேசியில் கேட்பது நடைமுறை ஆகாது என்று அவளுக்கு விளக்கினேன்.

படிவம் இரண்டு பக்கம். ஏழாவது கலம், கலை வடிவம். பின்னிணைப்பில் உள்ள பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் குறிப்பிடவும் என்றிருந்தது. பட்டியலில் தெம்மாங்கு இருந்தது, வில்லுப்பாட்டு இருந்தது, உடுக்கைப் பாட்டு இருந்தது. கானா இல்லை. கடைசியில் 'இதர' என்று ஒன்று இருந்தது. வேறு யாராவது என்றால் அதில் ஒரு டிக் போட்டு, பக்கத்தில் கானா என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். நான் அப்படிச் செய்வேனா? 'இதர' என்ற தலைப்பில் வரும் தாள்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் அவற்றை அங்கே அனுப்பியவனே நான்தான். எந்தக் கோரிக்கையாக இருந்தாலும் இருக்கிற தலைப்புகளில் நெருக்கமானதைக் கண்டுபிடித்து அதன் கீழ் நுழைத்துவிடவேண்டும் என்பது எங்கள் வேலையின் பால பாடம்.

ஒரு முழு மாலை அகராதியோடு உட்கார்ந்தேன். கானாவில் இருவர் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவரையொருவர் மடக்கிப் பாடும் போட்டிக் கானா என்று ஒன்று உண்டு. பட்டியலில் எதிரெதிராக உட்கார்ந்து மடக்கிப் பாடுவது லாவணி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டு. லாவணி என்று எழுதினேன். அந்த மாலை எனக்கு இருந்த திருப்தி, பணியில் இருந்தபோது பதவி உயர்வு ஆணையை வாங்கிய அன்றுகூட இல்லை. கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை, தவறெனில் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்ற உறுதிமொழிக்கு அடியில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன். அவர் அங்கே கையெழுத்துப் போட்டார்.

நாலே நாளில் தேர்வு ஆனதாக மின்னஞ்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, ஒரு மணி நேரம், விவரங்களுக்கு இணைப்பு இரண்டைப் பார்க்கவும். கடிதத்தை அவருக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். இணைப்பு இரண்டை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். சேர்த்தேன் என்றுதான் சொல்கிறேன். படித்தேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை எழும்பூரில் ரயில் ஏறினோம். மனைவியும் பிள்ளைகளும் மூன்று நாள் முன்னதாகவே ஊருக்குப் போயிருந்தார்கள். அவரோடு டோலக் அடிக்கிறவருக்குக் காய்ச்சல் என்பதால், டோலக்கை ஒரு பழைய சேலையில் சுற்றி இவரே தூக்கிக்கொண்டு வந்தார். என் கையில் கோப்பு. விண்ணப்பம், அடையாளச் சான்று, தேர்வுக் கடிதம், ஒவ்வொன்றிலும் ஐந்து நகல். நான் எதற்குப் போகிறேன் என்று என் மனைவி கேட்டிருந்தாள். ஏதாவது சிக்கல் வந்தால் பேசத் தெரிந்த ஒருவர் கூட இருக்கவேண்டும் என்றேன். ரயிலில் இசைக்கருவிகளைக் கொண்டுபோவதற்கான விதிகளை அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். செங்கல்பட்டிலேயே அவர் தூங்கிவிட்டார் என்பதை விழுப்புரத்தில் கவனித்தேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். உள்ளே நுழைந்ததும் மாமனாரைப் பார்த்தோம். பந்தலும் நாற்காலியும் அவர் கடையிலிருந்துதான் வந்திருந்தன. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் கடையின் முதலெழுத்து. ஒல்லியான மனிதர், தோளில் துண்டு, காதில் பென்சில். எனக்கு இரண்டு கையும் கூப்பி, "வாங்க, வாங்க," என்றார். மாப்பிள்ளையைப் பார்த்து மோவாயை மட்டும் அசைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "மருமவன். மெட்ராஸ்ல ஆட்டோ ஓட்டறாப்ல," என்று சொல்லிவிட்டு, லாரியிலிருந்து நாற்காலி இறக்குகிறவர்களை அதட்டப் போய்விட்டார். சேலையில் சுற்றியிருந்த டோலக்கை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதற்கு நிறைய முயற்சி தேவைப்பட்டிருக்கும். அது அவ்வளவு பெரிய டோலக்.

நிகழ்ச்சி நிரலை மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். ஞாயிறு, பதினோரு மணி, லாவணி. எரிந்த கட்சி என்று போட்டு உள்ளூர்க் குழு. அதற்கு எதிரே, எரியாத கட்சி: சென்னை.

நான் கோப்பைத் திறந்து இணைப்பு இரண்டை எடுத்தேன். அதிலும் அதேதான் இருந்தது. தடித்த எழுத்தில்.

லாட்ஜ் அறையில் வைத்து அவரிடம் சொன்னேன். லாவணி என்றால் அந்தப் பக்கத்தில் வெறுமனே போட்டிப் பாட்டு இல்லை. தவத்தில் இருந்த சிவன்மேல் மன்மதன் பூ அம்பு விட்டான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். அதில் மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடவேண்டும். இதையெல்லாம் நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். படித்தது, ஏழாவது கலத்தை நிரப்பும்போது நினைவுக்கு வரவில்லை.

"யாரு சார் எரிஞ்சது?"

"மன்மதன்."

"எப்போ?" என்றார். தொழில் அக்கறையோடு கேட்டார்.

கதையை இன்னொரு முறை சொன்னேன். நாம் எந்தக் கட்சி என்று கேட்டார். எரியாத கட்சி, அவன் சாகவே இல்லை என்று பாடவேண்டும் என்றேன். கட்டிலில் உட்கார்ந்து டோலக்கின் கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பொணம் இல்லாத எடத்துல பாடணும்னு கேட்டேன் சார். சாவே இல்லன்னு பாடச் சொல்றீங்க. எனக்கு யாராச்சும் செத்தாத்தானே வாயே தொறக்கும்?"

பிறகு, உண்மையைச் சொல்லிவிடலாமே என்றார். நான் கானாக்காரன், லாவணி தெரியாது, கொடுக்கிற நேரத்தில் நம்முடையதைப் பாடுகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாமே. நான் உறுதிமொழியை நினைவுபடுத்தினேன். தவறான தகவல் என்றால் நிராகரிக்கலாம் என்று அதில் இருக்கிறது, நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்றேன்.

"நீங்க பென்சில்ல குறி போட்ட எடத்துல," என்றார்.

விழாவை நடத்தும் பேராசிரியையிடம் நானே போய்த் தவற்றை ஒப்புக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். அந்த அம்மாள் கழுத்தில் அட்டை, கையில் இரண்டு கைபேசி, நிற்க நேரமில்லை. விண்ணப்பத்தில் தொடர்புக்கு என்று எழுதியிருந்த என் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. வந்த விண்ணப்பங்களிலேயே ஒழுங்காக இருந்தது அது ஒன்றுதான் என்றும், எப்படி நிரப்பவேண்டும் என்று மற்ற குழுக்களுக்கு அதைத்தான் மாதிரியாக அனுப்பியதாகவும் சொன்னார். மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இந்த சார்தான் அது என்று காட்டினார். நான் என்ன செய்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இணைப்புகளை வரிசைப்படுத்துவது பற்றி அந்த மாணவர்களுக்குப் பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டாள். "நாப்பது வருஷமா, எவனும் இணைப்பைப் படிக்கறதில்லைன்னு ஊரையே திட்டிண்டிருந்தேளே," என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளை என்ன பண்றான்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பிள்ளைக்காக நான் குறிப்பு எழுதினேன். மன்மதன் எரியவில்லை என்பதற்குப் பதினோரு காரணம், ஆதாரங்களோடு. உடல் இல்லாவிட்டாலும் இருப்பு உண்டு என்பது ஒன்று. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று சிவனே வரம் கொடுத்தது ஒன்று. மூன்றாவதைப் படித்துக்கொண்டிருந்தபோது, "போதும் சார், தல சுத்துது," என்று சொல்லிவிட்டு மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். போகும்போது டோலக்கை லாட்ஜிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பந்தலில் நல்ல கூட்டம். முன் வரிசையில் ஊர்ப் பெரியவர்கள், பக்கவாட்டில் பெண்கள். அவர்கள் நடுவில் ஆட்டோக்காரரின் மனைவி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் உட்காரவில்லை. பந்தலின் கடைசியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். யாராவது வந்தால் ஒன்றை உருவிக் கொடுப்பார். நான் மேடைக்குக் கீழே, பதினோரு காரணங்களோடு.

எதிர்க்கட்சியில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, கையில் டேப்பு என்கிற தோல் வாத்தியம். பின்பாட்டுக்கு இரண்டு பேர். அவர் தொடங்கியதும் நெற்றிக்கண் திறந்தது, கரும்பு வில் கருகியது, ரதி தலையில் அடித்துக்கொண்டது எல்லாம் கண் முன்னால் வந்தது. எரிந்தான், எரிந்தான் என்று முடித்துவிட்டு, எரியவில்லை என்பவன் வாயைத் திறக்கட்டும் என்று டேப்பில் ஓர் அடி அடித்தார்.

ஆட்டோக்காரர் டோலக்கில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் கீழேயிருந்து முதல் காரணத்தைக் கிசுகிசுத்தேன். அவர் என்னைக் கையால் அடக்கிவிட்டுப் பெரியவரைப் பார்த்தார்.

"செத்தவரு இன்னா வேல பாத்தாரு நைனா?"

பாட்டாகக் கேட்கவில்லை. சாவு வீட்டில் கேட்பதுபோலவே கேட்டார். பெரியவர் ஒரு நொடி திகைத்து, "அம்பு விடறது," என்றார். பந்தலில் யாரோ சிரித்தார்கள். உடனே டோலக் பிடித்துக்கொண்டது.

"பந்தல் எங்க, பாடை எங்க, பால் ஊத்த ஆளு எங்க,
சங்கு ஊதுன சத்தம் எங்க, சொல்லு நைனா.
நான் போவாத சாவு எங்க, பாடாத வூடு எங்க,
என்னக் கூப்புடாம செத்தவன் யாரு, சொல்லு நைனா."

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு கைதட்டல், பிறகு பலவாக. பெரியவர் அசரவில்லை. டேப்பை மடியில் வைத்துவிட்டு, இது லாவணி மெட்டும் இல்லை, லாவணி நடையும் இல்லை என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எந்த ஊர் லாவணி, யாரிடம் பாடம், எந்த வாத்தியார் பரம்பரை என்று சபைக்குச் சொல்லிவிட்டுப் பாடட்டும் என்றார். அது அங்கே உள்ள வழக்கமாம். கேட்டால் சொல்லியே ஆகவேண்டும். முன்வரிசையில் தலைகள் ஆடின. பேராசிரியை கையிலிருந்த தாளைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அடையாறு பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டிய அன்று பார்த்த அதே முகம். வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் பாட்டு வந்துவிட்டது.

"ஃபாரம் ஒண்ணு எழுதுனாரு எங்க சாரு,
லாவணின்னு போட்டுவுட்டாரு எங்க சாரு.
எழுதிப்புட்டா லாவணியா, என்னப் பாரு.
எரிஞ்சான்னு எழுதிப்புட்டா எரிஞ்சானா, நீயே கூறு."

நாலாவது அடியில் டோலக்கை நிறுத்திவிட்டு விரலை நீட்டி என்னைக் காட்டினார். மைதானம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாதிரி விண்ணப்பக்காரன் என்று முந்தின நாள் பேராசிரியை என்னை அறிமுகம் செய்துவைத்த மாணவர்கள் இருவரும் கைபேசியில் என்னைப் படம் எடுத்தார்கள். கோப்பை எங்கே மறைப்பது என்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்தேன். பிறகு அவர் பேச்சாகவே, நான் ராயப்பேட்டை கானாக்காரன், சாவு வீட்டில் பாடுவதுதான் என் தொழில், வாத்தியார் யாரும் கிடையாது என்றார். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். மாமனார் நாற்காலி அடுக்கிலிருந்து கையை எடுத்திருந்தார்.

பேராசிரியை எழுந்துவிட்டார். ஆனால் பெரியவர் அவரைப் பார்த்து, உட்காரம்மா என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"எழுதினதெல்லாம் நடந்துச்சான்னு கேக்கறான். கேள்வி ஞாயந்தான்," என்றார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு, மன்மதன் எரிந்ததற்கு முப்பத்து முக்கோடி தேவர்கள் சாட்சி, எரியவில்லை என்பதற்கு உன் பக்கம் சாட்சி யார் என்று பாடினார். மூன்று முறை பாடினார். யார், யார், யார் என்று பின்பாட்டுக்காரர்கள் ஏந்திக்கொண்டார்கள்.

என்னிடம் ஒன்பதாவது காரணத்தில் அதற்குப் பதில் இருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. டோலக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து மேடை விளிம்புக்கு வந்தார்.

"இந்த ஊர்ல யாரு செத்தாலும் மொதல்ல யாருக்கு சேதி போவும்?" என்று கூட்டத்தைக் கேட்டார். கூட்டம் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தது. கழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. அவருடைய மனைவி மட்டும் திரும்பவில்லை. கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டு குனிந்திருந்தார்.

"மாமா. மன்மதனுக்குன்னு யாராச்சும் வந்து பொட்டி கேட்டாங்களா?"

நான் எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். சாட்சி சொல்ல வந்தவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்படியே நடந்து வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மேடையைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், தன் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். அது பின்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், எனக்கு உதடு அசைந்ததுதான் தெரிந்தது. ஊர் காத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார். "நம்ம கடையிலேந்து பெட்டி போவல. எம் மருமவன் சொல்றது சரிதான்."

அதற்குப் பிறகு பத்து நிமிடம் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் பெரியவர் சும்மா விடவில்லை. நெற்றிக்கண்ணில் சாம்பலாகப் போனவனுக்குப் பெட்டி எதற்கடா தம்பி, சாம்பலுக்கா ஐஸ் வைப்பார்கள் என்று பாடிவிட்டு டேப்பில் முத்தாய்ப்பு வைத்தார். ஆட்டோக்காரர் வாயைத் திறப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதாக மணி அடித்துவிட்டார்கள். லாவணியில் வெற்றி தோல்வி சொல்வதில்லையாம். பெரியவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டு இறங்கிப் போனார்.

நான் பேராசிரியையிடம் போய், விண்ணப்பத்தில் ஏழாவது கலத்தைத் திருத்தக் கோரும் மனு ஒன்றை எழுத்து மூலம் தருகிறேன் என்றேன். அவர், சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டார்.

சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் நின்றிருந்தோம். மூன்றே முக்காலுக்கு ரயில். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட வழி. நாற்பது நிமிடம் முன்னதாகக் கிளம்பவேண்டும் என்பது என் கணக்கு. மாமனார் பந்தல் பக்கமிருந்து வந்தார். இரண்டு கையிலும் இரண்டிரண்டு நாற்காலி. ஒன்றை எனக்குப் போட்டார். இன்னொன்றைப் போட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்து, "ஒக்காரு," என்றார். மூன்றாவதில் தான் உட்கார்ந்தார். நாலாவதை மகளுக்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சபையில் தன்னை இழுத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆட்டோக்காரரும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. போர்த்திய துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சாம்பலுக்கு எதுக்குப் பெட்டின்னு கேட்டாருல்ல," என்றார் மாமனார். "பதில் சொல்லாம எறங்கிட்டியே."

"மணி அடிச்சிட்டாங்க மாமா."

"இப்ப யாரு மணி அடிச்சா? சொல்லு."

ஆட்டோக்காரர் யோசித்தார். சாம்பல் என்று பெரியவர் சொல்கிறாரே தவிர அந்தச் சாம்பலை யார் கரைத்தது, எந்த ஆற்றில் கரைத்தது என்றார். மாமனார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கரைக்க ஆள் இல்லாத சாவு எத்தனை பார்த்திருக்கிறேன், அதற்காக அவர்கள் சாகவில்லை என்று ஆகிவிடுமா என்றார். அப்படியென்றால் நீங்கள் எரிந்த கட்சியா என்று மாப்பிள்ளை கேட்டார். இத்தனை வருடமாகப் பெட்டி விடுகிறவன் வேறு எந்தக் கட்சியில் இருப்பேன் என்றார் மாமனார். அப்போ சபையில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

இதற்குள் மகள் வந்து நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேர் சொல்வதும் தப்பு என்றார். ரயில் நேரத்தை நான் இரண்டு முறை நினைவுபடுத்தினேன். மாமனார் என் பக்கம் திரும்பாமலே, அடுத்த வண்டி ஆறு மணிக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு மன்மதனுக்குத் திரும்பினார்.